ஒரே தடவை நுழைவு: கடையை விட்டுப் போனவரின் சாவி யாரிடம்?

கடந்த வருடம் ஒரு பகல் வேளை, முன்பு என்னிடம் சேல்ஸ் ரெப்பாக வேலை செய்த தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சுகம் விசாரித்த பின்னர் தயங்கித் தயங்கி ஒரு விடயத்தைச் சொன்னார்.

"ஹாஜியார், நான் கடைய விட்டு எட்டு மாசமாகுது. இன்னும் எங்கட ஸ்டொக் லிஸ்டும் கஸ்டமர்மாருட பாக்கியும் என்ட போன்ல தொறக்குது. நீங்க அத நிப்பாட்டினா எனக்கும் நல்லம்."

அந்தத் தம்பி நேர்மையானவர், அதனால் சொன்னார். அவர் இப்போது வேலை செய்வது அதே சரக்கை விற்கும் இன்னொரு கடையில். எந்தக் கடைக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறேன், யார் எனக்கு எவ்வளவு தரவேண்டும், எந்தச் சாமான் முடிந்து போயிருக்கிறது என்பதெல்லாம் எட்டு மாதமாக அவருடைய சட்டைப் பைக்குள் இருந்திருக்கிறது. அவர் விலகிய நாளிலேயே கடைக் கதவின் சாவியை ஞாபகமாக வாங்கிக் கொண்டேன். இந்தச் சாவி ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அதை எங்கே போய் வாங்குவது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

அன்று பின்னேரம் நானும் எமது கணக்காளரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். கணக்கு மென்பொருள், ஸ்டொக் மென்பொருள், ஈமெயில், விலைச்சிட்டைகள் இருக்கும் ஒன்லைன் கோப்புறை, சம்பள மென்பொருள், கூரியர் கம்பனியின் தளம், கடையின் ஃபேஸ்புக் பக்கம் என்று ஏழு இடங்கள். ஊழியர்கள் ஆறு பேர். சில இடங்களில் ஆளுக்கொரு கடவுச்சொல், சில இடங்களில் முழுக் கடைக்கும் ஒன்று. அந்தப் பொதுவான கடவுச்சொல்லை மாற்றினால் இருக்கின்ற ஊழியர்கள் எல்லோருக்கும் வேலை தடைப்படும். மாற்றினோம், தடைப்பட்டது. அடுத்த இரண்டு நாளும் "பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டு வந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்வதே எனக்கு வேலையாகி விட்டது. இந்த அனுபவம்தான் என்னை 'சிங்கிள் சைன் ஒன்' பற்றி விசாரிக்கத் தூண்டியது.

சிங்கிள் சைன் ஒன் என்றால் ஒரே தடவை நுழைவு. ஊழியர் காலையில் கடையின் ஈமெயில் கணக்கில் ஒரு தடவை உள்நுழைகிறார். அதன் பிறகு கணக்கு மென்பொருளோ ஸ்டொக் மென்பொருளோ அவரிடம் கடவுச்சொல் கேட்பதில்லை. அவர் யாரென்று அவை ஈமெயில் நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்து கொள்கின்றன.

எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்பது வேறு

இதைப் பற்றி நண்பர்களிடம் பேசிய போது பலரும் சொன்ன பதில், "அது நாங்களும் செய்வதுதானே, எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான்" என்பதாகும். இது முற்றிலும் வேறு விடயம். சொல்லப் போனால் நேர் எதிரான விடயம்.

பத்து இடத்தில் ஒரே கடவுச்சொல்லைப் போடுவது, வீட்டுச் சாவிக்குப் பத்துப் பிரதி வெட்டிப் பத்துக் கடைகளில் கொடுத்து வைப்பதைப் போன்றது. பத்தில் ஒரு கடைக்காரர் கவனமில்லாதவராக இருந்தால் போதும். 2012ஆம் ஆண்டு ட்ரொப்பொக்ஸ் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுதான். அந்நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் வேறொரு தளத்திலிருந்து திருடப்பட்டது. அதே கடவுச்சொல் அவருடைய வேலைக் கணக்கையும் திறந்தது. திருடப்பட்ட பட்டியல் 2016இல் வெளியே வந்த போது அதில் 68 மில்லியனுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விபரங்கள் இருந்தன. கணனித் தொழிலே செய்யும் நிறுவனத்துக்கு இந்த நிலையென்றால் எமது கடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே தடவை நுழைவில் கடவுச்சொல் ஓர் இடத்தில்தான் கொடுக்கப்படுகிறது. மற்ற மென்பொருட்கள் அதைக் காண்பதே இல்லை. கண்ணில் படாத ஒன்றை அவற்றிடமிருந்து யாரும் திருட முடியாது.

துண்டு எழுதிக் கொடுக்கும் வேலை

அப்படியானால் கடவுச்சொல் இல்லாமல் அந்த மென்பொருள் எப்படி ஆளை நம்பி உள்ளே விடுகிறது? புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவருக்கு இதை விளக்குவது மிக இலகு.

வாடிக்கையாளர் கடையில் காசைக் கட்டுகிறார். சாமான் இருப்பது இரண்டு தெரு தள்ளி உள்ள ஸ்டோரில். கடையில் ஒரு துண்டு எழுதிக் கொடுக்கிறோம். நாட்டாமி அதை எடுத்துக் கொண்டு ஸ்டோருக்குப் போகிறார். ஸ்டோர் பொறுப்பாளர் காசு கேட்பதில்லை. அவர் பார்ப்பது நான்கு விடயங்கள்: கையொப்பம் எமது கடையுடையதா, துண்டு தன்னுடைய ஸ்டோருக்கு எழுதப்பட்டதா, யார் பெயருக்கு எழுதப்பட்டது, திகதி இன்றையதா. நான்கும் சரியென்றால் சாமான் இறங்கும். காசுப் பெட்டியின் சாவி ஸ்டோர் பக்கம் போவதே இல்லை.

ஒரே தடவை நுழைவு வேலை செய்வதும் இப்படியேதான். கணக்கு மென்பொருளில் 'கூகுள் மூலம் நுழைக' அல்லது 'மைக்ரோசொஃப்ட் மூலம் நுழைக' என்ற பொத்தானை ஊழியர் அழுத்துகிறார். மென்பொருள் அவரை கூகுளிடம் திருப்பி அனுப்புகிறது. காலையிலேயே அங்கு நுழைந்திருப்பதால் கூகுள் ஒன்றும் கேட்காமல் ஒரு மின்துண்டை எழுதிக் கொடுக்கிறது. இன்னார், இன்ன மென்பொருளுக்கு, இத்தனை மணி வரை என்று அதில் எழுதி, வேறு எவராலும் போட முடியாத கணிதக் கையொப்பம் ஒன்றும் இடப்பட்டிருக்கும். கணக்கு மென்பொருள் கையொப்பத்தைச் சரிபார்த்துக் கதவைத் திறக்கிறது. இவ்வளவும் ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் நடந்து முடிகிறது.

இது நேற்றுப் பிறந்த புதுமையும் அல்ல. கணனியில் கடவுச்சொல் போடும் வழக்கத்தை 1960களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் கொண்டு வந்தவர் பேராசிரியர் பெர்னாண்டோ கோர்பட்டோ. 1962ஆம் ஆண்டிலேயே அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவர், தனக்குக் கணனி நேரம் போதவில்லையென்று எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்சடித்து எடுத்து விட்டார். பூட்டுப் பிறந்த வீட்டிலேயே களவும் பிறந்திருக்கிறது! அதே எம்.ஐ.ரி.யில் 1983இல் தொடங்கிய 'அதீனா' திட்டத்தில்தான் துண்டு முறையும் உருவானது. அதற்கு 'கெர்பரோஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதில் கொடுபடும் மின்துண்டின் பெயரே 'டிக்கட்'. விண்டோஸ் 2000 வந்த போது மைக்ரோசொஃப்ட் அதையே தன் அலுவலக வலையமைப்புக்கு எடுத்துக் கொண்டது. இணைய மென்பொருட்களுக்கென 2005இல் சாம்ல் 2.0 என்ற பொது விதியும், 2014இல் ஓப்பன் ஐடி கனெக்ட் என்ற விதியும் வந்தன. 'கூகுள் மூலம் நுழைக' என்ற பொத்தானுக்குப் பின்னால் இருப்பது இரண்டாவது விதியாகும்.

மென்பொருள் விற்க வருபவரிடம் இது பற்றிக் கட்டாயம் கேளுங்கள். சில நிறுவனங்கள் சாம்ல் வசதியை விலை கூடிய பொதியில் மட்டுமே வைத்திருக்கின்றன. ஆறு பேர் வேலை செய்யும் கடைக்கு அது தேவைப்படாது. சாதாரண பொத்தான் குறைந்த விலைப் பொதியிலும் இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக இருக்கும்.

எங்கே தடக்குகிறது?

தடக்கமில்லாமல் ஓடினால்தான் இது பிரயோசனம். ஊழியருக்கு ஒரு நாளில் மூன்று தடவை தடக்கினால் அவர் தனக்குத் தெரிந்த குறுக்கு வழியைத் தேடுவார். கீபோர்டுக்கு அடியில் பாஸ்வேர்ட் எழுதிய துண்டு வருவது அப்படித்தான். எமது கடையில் நாங்கள் தடக்குப்பட்ட இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஈமெயில் முகவரி. ஸ்டொக் மென்பொருளில் ஊழியர்களைச் சேர்த்த போது அவரவருடைய சொந்த ஜீமெயிலைக் கொடுத்திருந்தோம். பின்னர் கடையின் பெயரில் முகவரி எடுத்துப் பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் அவர்களைப் புதிய ஆட்களாக எண்ணி வெறும் பக்கத்தைக் காட்டியது. "ஹாஜியார், நான் போட்ட பில் எல்லாம் காணாமப் போய்ட்டு" என்று ஒருவர் பதறிக் கொண்டு ஓடி வந்தார். பில் எங்கும் போகவில்லை, பழைய முகவரியில் இருந்தது. ஆகவே பொத்தானை அழுத்துவதற்கு முன்னர் ஒவ்வொரு மென்பொருளிலும் முகவரியைக் கடை முகவரிக்கு மாற்றுங்கள். இதற்கு ஒரு பின்னேரம் செலவாகும், அவ்வளவுதான். இந்த வரிசை மாறினால் ஒரு வாரம் போய் விடும்.

இரண்டாவது, காசாளரின் கணனி. ஒரே கணனியில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் இருக்கிறார்கள். காலையில் இருந்தவர் கணக்கு மென்பொருளிலிருந்து வெளியேறி விட்டுப் போகிறார், ஆனால் கூகுளிலிருந்து வெளியேறவில்லை. மாலையில் வருபவர் பொத்தானை அழுத்துகிறார். துண்டு காலையில் இருந்தவரின் பெயருக்கு எழுதப்படுகிறது! எமது கடையில் ஒரு வாரமாகப் பின்னேர பில்கள் எல்லாம் காலையில் வேலை செய்த பிள்ளையின் பெயரில் விழுந்திருந்தன. காசில் குறை வந்திருந்தால் யாரைக் கேட்பது? நல்ல காலம், குறை வரவில்லை. இப்போது அந்தக் கணனியில் ஆளுக்கொரு விண்டோஸ் கணக்குத் திறந்திருக்கிறோம். பில் போடும் இயந்திரத்தை இந்த முறைக்குள் கொண்டு வரவே இல்லை, அதற்கு ஆளுக்கொரு நான்கு இலக்கப் பின் போதும். வாடிக்கையாளர் காத்திருக்கும் இடத்தில் இணையத்தை நம்பியிருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை எந்த வியாபாரியும் மறந்திருக்க மாட்டார்.

மூன்றாவது தடக்கம் கைத்தொலைபேசி. ஒரே கடவுச்சொல்தான் என்றான பிறகு அதற்கு இரண்டாவது பூட்டும் அவசியம். தொலைபேசியிலுள்ள செயலி 30 வினாடிக்கொரு தடவை புதிய ஆறு இலக்க எண்ணைக் காட்டும், அல்லது 'நீங்கள்தானா?' என்று கேட்கும். இந்த இரண்டாவது பூட்டுப் போட்டால் கணக்குத் திருடும் முயற்சிகளில் 99.9 வீதத்துக்கு மேல் தடுபடுவதாக மைக்ரோசொஃப்ட் 2019இல் அறிவித்தது. ஆனால் ஊழியரின் போன் சார்ஜ் இறங்கினால், உடைந்தால், பஸ்ஸில் தொலைந்தால் வேலை நிற்கும். கூகுள் இதற்காக ஆளுக்குப் பத்து மாற்று எண்கள் தருகிறது, ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் வேலை செய்யும். அவற்றை அச்சடித்து உறையிலிட்டு ஆள் பெயர் எழுதிக் கடைப் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். முதல் மாதத்திலேயே இரண்டு உறை திறபட்டது.

மாதத்துக்கு ஒரு தடவை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி ஊழியர்களைச் சிரமப்படுத்தும் பழக்கத்தையும் கைவிட்டோம். அமெரிக்காவின் நியமங்கள் நிறுவனமான நிஸ்ட், 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில், களவு போனதற்கு அறிகுறி இல்லாத போது காலத்துக்குக் காலம் கட்டாயமாக மாற்றத் தேவையில்லை என்று சொல்லி விட்டது. ஒன்றே ஒன்று, நீளமான ஒன்று, அதுவே போதும்.

இன்னொரு விடயத்தையும் பலர் குழப்பிக் கொள்கிறார்கள். துண்டு சொல்வது ஆள் யார் என்பதை மட்டும்தான். அவர் உள்ளே வந்து எதைப் பார்க்கலாம், எதில் கை வைக்கலாம் என்பதை ஒவ்வொரு மென்பொருளிலும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சேல்ஸ் ரெப்புக்குக் கொள்விலை தெரிய வேண்டியதில்லை. நுழைவை இலகுவாக்கி விட்டு இதைக் கவனிக்காமல் விட்டால், முன்பு ஒரு அறைக்குள் போனவர் இப்போது எல்லா அறைக்குள்ளும் போவார்.

போகும் நாள்

காலையில் இரண்டு நிமிடம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்று கேட்பீர்கள். அதற்காக நானும் செய்திருக்க மாட்டேன். என்னைப் பொறுத்தவரை இதன் முழுப் பெறுமதியும் ஊழியர் விலகும் நாளில்தான் இருக்கிறது. ஏழு இடத்தில் ஏழு தடவை தேடிப் பிடித்து அழிப்பதற்குப் பதிலாக, கடை ஈமெயில் கணக்கை ஓர் இடத்தில் இடைநிறுத்தினால் அதற்குப் பின்னர் அவருக்குத் துண்டு எழுதப்படாது.

மறந்து போன ஒரு கணக்கு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் கம்பனியைச் சொல்லலாம். 2021 மே மாதம் அந்நாட்டின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டு செல்லும் அதன் குழாய்ப் பாதை நாட்கணக்கில் மூடப்பட்டது. திருடர்கள் உள்ளே வந்தது, பாவனையில் இல்லாத, ஆனால் மூடப்படாத ஒரு பழைய கணக்கின் ஊடாக. அதற்கு இரண்டாவது பூட்டும் இருக்கவில்லை. கம்பனி 75 பிட்கொயின், அதாவது சுமார் 4.4 மில்லியன் டொலர் கப்பமாகச் செலுத்தியது. அதில் ஒரு பகுதியை அமெரிக்க அரசாங்கம் பின்னர் மீட்டெடுத்தது.

ஆனால் இடைநிறுத்தியதும் எல்லாம் முடிந்து விட்டது என்று நினைத்து விடாதீர்கள். இங்கே இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, பழைய கதவு. பொத்தானை இணைத்த பிறகும் முன்பிருந்த கடவுச்சொல் பல மென்பொருட்களில் அப்படியே வேலை செய்யும். பழைய கடவுச்சொல்லால் நுழைவதை நிறுத்தா விட்டால், முன்கதவுக்குப் பெரிய பூட்டுப் போட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த கதைதான். மற்றையது, ஏற்கனவே உள்ளே இருப்பவர். ஸ்டோருக்குள் போன நாட்டாமியை, கடையில் துண்டுப் புத்தகத்தைப் பூட்டி வைத்து வெளியே எடுக்க முடியுமா? அவருடைய போனில் மென்பொருள் திறந்தபடி இருந்தால், அதன் தவணை முடியும் வரை அது திறந்தே இருக்கலாம். ஆகவே முக்கியமான மென்பொருட்களுக்குள் போய் அந்தப் பெயரை நீக்கி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்று' என்ற வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள். ஈமெயில் கணக்கை உடனே அழித்து விடவும் வேண்டாம். அதற்குள் வாடிக்கையாளர்களின் கடிதங்கள் இருக்கும், முதலில் இடைநிறுத்தினால் போதும்.

தலைச் சாவி

எல்லாவற்றையும் ஒரே சாவியில் போட்ட பிறகு அந்தச் சாவியை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் என்ற கேள்வி வருகிறது. இதை நிர்வகிக்கும் கணக்கை ஆங்கிலத்தில் 'அட்மின்' என்பார்கள். அநேகமான கடைகளில் அது வெப்சைட் செய்து கொடுத்த பையனின் கையில் இருக்கிறது. முதலாளிக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. எமது கடையிலும் அப்படித்தான் இருந்தது. இப்போது இரண்டு பேருக்கு அந்த அதிகாரம் உண்டு, நானும் என் மகனும். இருவரும் அதை அன்றாட வேலைக்குப் பாவிப்பதில்லை, அன்றாட வேலைக்கு வேறு கணக்கு. ஒருவர் மட்டும் வைத்திருந்து அவருக்குச் சுகமில்லாமல் போனால் கடையே வெளியில் நிற்கும்.

அதை விட முக்கியமானது கடையின் இணையப் பெயர், அதாவது டொமைன். அது யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கிறது, எந்தத் திகதியில் புதுப்பிக்க வேண்டும் என்று இன்றே பாருங்கள். கவனிக்காமல் விட்டு அது காலாவதியானால் வேறு எவரும் காசு கொடுத்து அதை வாங்கலாம். வாங்கியவர் உங்கள் ஊழியரின் அதே முகவரியை உருவாக்கி அதே பொத்தானை அழுத்தலாம். மூடப்பட்ட நிறுவனங்களின் டொமைன்களை வாங்கி, அவற்றின் பழைய மென்பொருள் கணக்குகளுக்குள் இப்படி நுழைய முடிகிறது என்பதை 2025 ஜனவரியில் ட்ரஃபிள் செக்யூரிட்டி என்ற நிறுவனம் செய்தே காட்டியது. கடையை மூடுபவர்களும் மென்பொருள் கணக்குகளை மூடிய பின்னரே டொமைனைக் கைவிட வேண்டும்.

வங்கியின் ஒன்லைன் கணக்கையும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் நுழைவையும் இந்த ஒரே சாவிக்குள் கொண்டு வர முயல வேண்டாம். அவை தமக்கென வேறு நுழைவு வைத்திருக்கின்றன, அது அப்படியே தனியாக இருப்பதுதான் நல்லது. கடைக் கணனியில் மட்டும் ஓடும் பழைய கணக்கு மென்பொருட்களும் இதற்குள் வருவது அரிது. அவற்றுக்கு ஆளுக்கொரு பெயர் திறந்து ஒரு கொப்பியில் பதிந்து வையுங்கள்.

எமது கடையில் ஏழு இடத்தில் ஐந்தை இணைத்திருக்கிறோம். இந்த வருட ஆரம்பத்தில் காசாளர் தம்பி வெளிநாட்டு வேலை கிடைத்து விலகினார். அவர் தேநீர் குடித்து முடிவதற்குள் என் மகன் அவருடைய கணக்கை நிறுத்தி விட்டார். பிறகு அவருடைய போனிலேயே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஸ்டொக் மென்பொருள் மட்டும் இன்னும் திறந்தது, உள்ளே போய் வெளியேற்றினோம். ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து அவர் பெயரைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. கூரியர் கம்பனியின் தளத்தில் இன்னும் முழுக் கடைக்கும் ஒரே கடவுச்சொல்தான். அதை அன்றே மாற்றி, திகதி போட்டு எழுதி, பெட்டகத்தில் வைத்தோம். ஆளுக்கொரு கணக்குத் தரச் சொல்லி அந்தக் கம்பனிக்கு இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.